திறந்த வண்டியும் மூடிய வண்டியும்

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலையில் மாப்பிள்ளையை எதற்காக ஊர்வலம் விடுகிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? பெண் வீட்டார் அவரைப் பார்த்தாயிற்று, பெண்ணும் பார்த்தாயிற்று. பார்க்காமல் பாக்கி இருப்பது ஊர்தான். "இன்னார் வீட்டுக்கு இன்ன பிள்ளை மாப்பிள்ளையாக வரப்போகிறான், ஆட்சேபம் உள்ளவர்கள் இப்போதே சொல்லிவிடலாம்" என்று நாகஸ்வரத்தின் வாயிலாக ஊராரைக் கேட்கிற காரியம் அது. ஆகவே மாப்பிள்ளை ஏறி வரும் வாகனத்துக்கு முதல் லட்சணம் அவருடைய முகம் தெரியவேண்டும் என்பதே. பல்லக்கு போய்ச் சாரட்டு வந்தது. சாரட்டு போய் மோட்டார் வந்தது. மோட்டாரிலும் கூரை மடங்குகிற மோட்டாராகத் தேடிப் பிடித்தார்கள் நம் பெரியவர்கள்.

அப்படிக் கிடைத்தவை பெரும்பாலும் அமெரிக்க வண்டிகள். செவ்ரோலே, பிளிமத், டாட்ஜ் என்ற பெயர்கள் தமிழ்நாட்டுக் கல்யாணப் பந்தல்களில் சம்பந்திகளின் பெயரைப் போலவே அடிபட்டதுண்டு. இவை அமெரிக்காவில் குமாஸ்தாவும் கடைக்காரரும் வாங்கக் கூடிய வண்டிகள். நம் நாட்டுக்கு வந்து இறங்கியதும் ஜமீன்தார் வண்டிகளாகிவிட்டன. கடல் கடந்தால் மதிப்பு ஏறுவது மனிதர்களுக்கு மட்டும் நேர்கிற விசேஷம் அல்ல.

ஃபோர்டு கம்பெனியார் 1926-ஆம் வருஷத்திலிருந்தும், ஜெனரல் மோட்டார்ஸார் 1928-ஆம் வருஷத்திலிருந்தும், பாகம் பாகமாகக் கப்பலில் வந்த மோட்டார்களை இந்தியாவில் பூட்டி விற்றார்கள். முன்னவர் சென்னையிலும் வேலை செய்தார்கள். பின்னவரின் தொழிற்சாலை பம்பாயில் இருந்தது. சுதந்திரம் வந்த பிறகு, 1953-ஆம் வருஷத்தில், "இந்நாட்டிலேயே உற்பத்தி செய்வதானால் செய்யுங்கள், வெறுமே பூட்டி விற்பதானால் கடையைக் கட்டுங்கள்" என்று நமது சர்க்கார் தீர்மானம் செய்தார்கள். அவர்கள் கடையைக் கட்டினார்கள். தேசத்துக்கு நல்ல காரியந்தான். அம்பாஸிடரும், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அந்தத் தீர்மானத்தின் நிழலில் வளர்ந்த பயிர்கள். ஆனால் மாப்பிள்ளைமார்களுக்கு அதனால் ஒரு கஷ்டம் ஏற்பட்டது. புதிதாகத் திறந்த அமெரிக்க வண்டி வருவது நின்றுபோயிற்று. இருக்கிற வண்டிகளையே ஒட்டுப் போட்டு, வர்ணம் அடித்து, தலைமுறை தலைமுறையாக ஓட்ட வேண்டியதாயிற்று.

அவ்விதம் மிஞ்சிய வண்டிகளில் ஒன்று செஞ்சியில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உத்தேசம்.

செஞ்சியை நேயர்கள் பலர் பஸ் ஜன்னல் வழியாகவே பார்த்திருப்பார்கள். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலை, பழைய கோட்டை மதிலையே ஊடுருவிக்கொண்டு போகிறது. ஒரு பக்கம் ராஜகிரி, மறு பக்கம் கிருஷ்ணகிரி, சற்றுத் தள்ளிச் சந்திராயன் துர்க்கம். யாரோ ராட்சதக் குழந்தை கூழாங்கற்களைக் குவித்து வைத்து விளையாடி, அம்மா கூப்பிட்டவுடன் அப்படியே போட்டுவிட்டு ஓடிப் போனது போல் மூன்று குன்றுகளும் கிடக்கின்றன. 2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இது ஒன்றுதான் அதில் இடம் பெற்றது.

இந்த ஊரில் அரிசி ஆலை வைத்திருக்கும் நண்பர் ஒருவருடைய கொட்டகையில்தான் நான் சொன்ன வண்டி நிற்கிறது. 1948-ஆம் வருஷத்துச் செவ்ரோலே ஃப்ளீட்மாஸ்டர். கூரை மடங்குகிற ரகம். அவருடைய தகப்பனார் வாங்கியது. அதற்குப் பக்கத்தில், சுமார் மூன்று வருஷமாக, இன்னொரு வண்டி நிற்கிறது. சென்னையில் வேலை பார்க்கும் அவருடைய பிள்ளை, ஒருவரிடமிருந்து கைமாற்றி வாங்கிய ஃபோர்டு மஸ்டாங். கூரை இறுகிய ஸ்போர்ட்ஸ் கூப்பே. கொட்டகையோ இரண்டு வண்டிக்குப் போதாது. ஒன்றின் மூக்கு எப்போதும் வெயிலில் நீட்டிக்கொண்டிருக்கிறது. இந்நிலையில் வடக்கேயிருந்து பழைய மோட்டார்களைச் சேகரிக்கும் தனவந்தர் ஒருவர் ஆள் அனுப்பிச் செவ்ரோலேக்கு விலை கேட்டிருக்கிறார். அவர் சொன்ன தொகையைக் கேட்டுப் பிள்ளைக்குச் சபலம் தட்டிவிட்டது. தகப்பனாருக்குத் தூக்கம் போய்விட்டது. "இரண்டையும் நீங்களே ஏறிப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று என்னிடம் வழக்கை ஒப்படைத்தார்கள்.

பழையதில் முதலில் ஏறினேன். ஏறினேன் என்பது சரியான வார்த்தை. திண்ணையில் ஏறுகிற மாதிரிதான். பின் ஸீட்டில் மூன்று பேர் தாராளமாகச் சம்மணம் போட்டு உட்காரலாம். சாவியைத் திருப்பினால் மட்டும் இயந்திரம் எழுந்திருப்பதில்லை. தரையில் உள்ள மிதியைக் காலால் அழுத்தி எழுப்ப வேண்டும். வரிசையாக ஆறு சிலிண்டர், மூன்றரை லிட்டர் கொள்ளளவு, 90 குதிரைச் சக்தி. கியர்க் கம்பு ஸ்டீரிங் தண்டிலேயே இருக்கிறது. முன்னேறுவதற்கு மூன்று கியர். புதிதாயிருந்தபோது கூரை விசையால் தானாக மடங்குமாம். இப்போது ஆலையிலிருந்து இரண்டு ஆட்கள் வந்து, கோவில் குடையை மடக்குவது போல் பக்தியோடு மடக்குகிறார்கள்.

இந்த இயந்திரத்தின் பெருமை, குறைந்த சுற்றிலேயே முழுப் பலத்தையும் தருவது. மூன்றாவது கியரிலேயே மனிதன் நடக்கிற வேகத்துக்குச் சற்று மேலாக, குலுக்கல் இல்லாமல், உறுமல் இல்லாமல் ஊர்கிறது. தவில்காரர் நின்றால் தானும் நிற்கிறது. அவர் நகர்ந்தால் தானும் நகர்கிறது. ஊர்வலத்துக்கு வேண்டிய குணம் வேறென்ன? ஒரே ஒரு உபத்திரவம் உண்டு. விசிறி இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதால், வண்டி மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாகவே சுழலும். அரை மணிக்கொரு தடவை ரேடியேட்டர் கொதித்து ஆவி விடும். அதற்காகவே பின்னால் ஒரு பையன் தவலையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நடக்கிறான். கல்யாண வீட்டுக் கணக்கில் அவனுக்கும் ஒரு வேட்டி உண்டு.

ஆனால் அதே வண்டியில் திண்டிவனம் சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டபோது, என் அபிப்பிராயம் சற்று மாறியது. ஸ்டீரிங் சக்கரத்தைக் கால் வட்டம் திருப்பிய பிறகுதான் முன் சக்கரங்கள் விஷயத்தை யோசிக்க ஆரம்பிக்கின்றன. எதிரே ஒரு கரும்பு லாரி வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். நான்கு டிரம் பிரேக்குகளும் ஆளுக்கொரு சமயம் பார்த்துப் பிடித்தன. வண்டி நின்றது, நின்ற இடம் டிரைவர் நினைத்த இடம் அல்ல. பெல்ட் கிடையாது. மார்புக்கு நேரே இரும்பு ஸ்டீரிங் தண்டு. தலைக்கு மேலே ஆகாயம். ஆகாயத்தின் அழகை அந்த ஒரு நிமிஷம் நான் சரியாக ரசிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலை மஸ்டாங். இதில் ஏற முடியாது, இறங்கத்தான் வேண்டும். உட்கார்ந்த பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து உலகத்தைப் பார்ப்பது போல் இருக்கிறது. இந்த வண்டி 2016-ஆம் வருஷத்தில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது, டில்லியில் கடை விலை 65 லட்சம் ரூபாய். 1964 முதல் இந்தப் பெயரில் வண்டி செய்கிறார்கள். ஆனால் வலது பக்கம் ஸ்டீரிங் வைத்துத் தொழிற்சாலையிலேயே செய்தது இந்த ஆறாவது தலைமுறையிலிருந்துதான். எட்டு சிலிண்டர், ஐந்து லிட்டர், சுமார் 400 குதிரைச் சக்தி. அதாவது ஒரு மஸ்டாங்கின் குதிரைகளைக் கொண்டு நான்கு செவ்ரோலேக்களை இழுத்த பிறகும் ஊருக்கு ஒரு ஜட்கா ஓட்டலாம். எடையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. புதியது சில மூட்டை நெல் அளவுக்கு அதிகம், அவ்வளவுதான்.

வெறும் சாலை கிடைத்த ஒரு கணத்தில் பையன் காலை அழுத்தினான். நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறத்தாழ 5 விநாடி என்று சொல்வார்கள். எனக்கு விநாடி எண்ண அவகாசம் இல்லை. முதுகு ஸீட்டோடு ஒட்டிக்கொண்டது. வயிறு மட்டும் செஞ்சியிலேயே நின்றுவிட்டது. அதைவிட ஆச்சரியம், நின்ற விதம். பிரேக்கை மிதித்தவுடன், கோடு போட்டது போல், நேராக, நினைத்த இடத்தில் நின்றது. ஒரு வளைவில் அவன் சக்கரத்தைத் திருப்பிய அதே க்ஷணத்தில் வண்டி திரும்பியது. இயந்திர லட்சணத்தில் இரண்டையும் ஒப்பிடுவதே அதர்மம். புதியது எல்லா விதத்திலும் உயர்ந்தது.

ஏன் என்பதை நேயர்கள் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். ஒரு தீப்பெட்டியை எடுங்கள். உள்தட்டை மட்டும் வெளியே எடுத்து இரு முனையையும் பிடித்து முறுக்குங்கள். வாழைப்பட்டை போல் வளைந்து கொடுக்கும். அதையே உறைக்குள் செருகிவிட்டு முறுக்குங்கள், அசையாது. கூரை என்பது வெயிலுக்கும் மழைக்கும் மட்டும் ஏற்பட்டதல்ல. வண்டியை ஒரே பெட்டியாக இறுக்கிப் பிடிக்கும் உறை அது. கூரையை வெட்டிவிட்டால், போன பலத்தை ஈடுகட்ட அடியில் சாஸிக்குக் கூடுதலாக இரும்புக் கைகள் கொடுக்கிறார்கள். அதனால்தான் பார்வைக்கு லேசாகத் தோன்றும் திறந்த வண்டி, அதே ஜாதியைச் சேர்ந்த மூடிய வண்டியைவிடக் கனமாயிருக்கிறது. கனமும் அதிகம், முறுக்கமும் குறைவு. மேடு பள்ளத்தில் கதவுகள் கிரீச்சிடுவது கிழத்தனத்தால் மட்டும் அல்ல, பிறவியிலேயே உள்ளது.

கூப்பே என்ற பெயரும் வெட்டுவதிலிருந்து வந்ததுதான். பிரெஞ்சு மொழியில் அதற்கு 'வெட்டப்பட்டது' என்று அர்த்தம். குதிரைக் கோச்சுக் காலத்தில், எதிரெதிராக இரண்டு ஆசனம் உள்ள வண்டியில் ஒரு ஆசனத்தை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டே பேர் போகும்படி செய்த குட்டை வண்டிக்கு அந்தப் பெயர். ஒன்றில் கூரையை வெட்டினார்கள், மற்றொன்றில் கூட வருகிறவர்களை வெட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நண்பரின் தாயாருக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் மஸ்டாங் வீட்டு வாசலுக்கு வந்த முதல் நாளே, அவர் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, பின்னால யாரு குந்துறது?" என்று கேட்டாராம். "கொழந்தைங்க குந்தலாம் ஆயா" என்றான் பேரன். ஆயா பதில் சொல்லவில்லையாம். ஐரோப்பாவில் வண்டிகளை மோதிப் பார்த்துச் சோதிக்கும் சபையார் 2017-ஆம் வருஷத்தில் இந்த வண்டிக்கு ஐந்து நட்சத்திரத்தில் இரண்டுதான் கொடுத்தார்கள். அவர்கள் சொன்ன குறைகளில் பின் ஸீட்டுக்காரர்களின் பாதுகாப்பும் ஒன்று. கம்பெனியார் சில திருத்தங்கள் செய்த பிறகு மூன்றாயிற்று. ஆயா, மோதிப் பார்க்காமலே விஷயத்தின் அருகில் வந்துவிட்டார்.

இன்னும் ஒன்று. அந்த 400 குதிரைகளுக்கு எங்கே மேய்ச்சல்? பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம். அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன். வளர்பிறை, தேய்பிறை இரண்டிலும் செஞ்சிச் சாலைக்கு ஓய்வு கிடையாது. மற்ற நாட்களில் கரும்பு லாரி, மணிலாக் கொட்டை மூட்டை, வைக்கோல் வண்டி. போதாததற்கு வேகத்தடைகள். எஞ்சினீயர்களின் சாஸ்திரப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உள்ள வில் போன்ற மேடாக இருக்க வேண்டும். நமது கிராமங்களில் இருப்பவை வரப்பை எடுத்துச் சாலையில் வைத்தவை. அவை ஒவ்வொன்றின் முன்பும் மஸ்டாங் நின்று, பக்கவாட்டில் திரும்பி, வயிறு இடிக்காமல், புது மருமகள் வாசற்படி தாண்டுவது போல் தாண்டுகிறது. ஒரு டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் அந்தச் சிங்காரக் குதிரை பதினைந்து நிமிஷம் பெருமூச்சு விட்டுக்கொண்டே வந்ததை என் கண்ணால் பார்த்தேன். செவ்ரோலேயோ, வேகத்தடை இருப்பதையே கவனிக்கவில்லை.

உலகத்தில் மற்ற இடங்களிலும் திறந்த வண்டிக்கு இறங்குமுகம் ஏற்பட்டதற்குக் காரணங்கள் உண்டு. வேகம் கூடக் கூட, காற்றும் புழுதியும் முகத்தில் அறைந்தன. வண்டிக்குள் குளிர்சாதனம் வந்தது. 1963-ஆம் வருஷம் நவம்பர் 22-ந் தேதி டல்லாஸ் நகரில், திறந்த லிங்கன் காரில் வந்துகொண்டிருந்த ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டு இறந்தார். தலைவர்கள் ஜனங்களுக்கு நடுவே முகம் தெரிய வருவது அன்றிலிருந்து அபாயமான காரியமாகிவிட்டது. திறந்த வண்டியில் நின்றபடி கை கூப்பிக்கொண்டு வந்த நேருஜியைப் பார்த்தவர்கள், அடுத்த தலைமுறைக்கு அதை எப்படி விளக்குவார்கள்? வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர்கள் கதி என்ன என்று அமெரிக்க சர்க்கார் கேட்க ஆரம்பித்ததும், அங்கே கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் திறந்த வண்டி செய்வதை நிறுத்தின. 1976-ஆம் வருஷத்துக் காடிலாக் எல்டொராடோவை "இதுதான் கடைசி" என்று சொல்லியே விற்றார்கள். சில வருஷங்களில் மறுபடியும் ஆரம்பித்தார்கள் என்பது வேறு கதை.

செஞ்சியில் இன்றைக்கும் சிறு பிள்ளைகளைக் கேட்டால் தேசிங்கு ராஜாவின் குதிரையைப் பற்றிச் சொல்லுவார்கள். அந்த இளைஞன் ஆண்டது சில மாதங்கள். 1714-ஆம் வருஷத்தில் ஆர்க்காட்டு நவாபின் சேனையோடு போரிட்டு மாண்டான். வரி எவ்வளவு வாங்கினான், ஏரி ஏதாவது வெட்டினானா என்றெல்லாம் யாருக்கும் ஞாபகமில்லை. அவன் குதிரை மேல் வந்தது ஞாபகமிருக்கிறது. செவ்ரோலே விஷயமும் அப்படித்தான். அந்தத் தெருக்களில் நான் பேசிப் பார்த்தவர்களில் நாலு பேருக்கு ஒருவர், "நான் கல்யாணத்தன்று அந்தக் காரில் வந்தேன்" என்றார்கள். இன்னொருவர், "நாங்கள் பொடிப் பையன்களாக அதன் பின்னால் ஓடினோம்" என்றார். நண்பர் வாடகை வாங்குவதில்லை. தாம்பூலமும் ஐந்து லிட்டர் பெட்ரோலும் கொடுத்தால் போதும். எந்த ஜாதி, எந்தத் தெரு என்று கேட்பதும் இல்லை. மஸ்டாங்கை ஊரார் வியக்கிறார்கள். பிள்ளைகள் அதனருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதற்குள்ளே யார் இருக்கிறார் என்பது, கறுப்புக் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறவர்களுக்குத் தெரிவதில்லை.

இப்போது வழக்குக்கு வருவோம். வடக்கத்தித் தனவந்தருக்கு விற்றுவிடுவது ஒரு வழி. வண்டி அவரிடம் நன்றாகத்தான் இருக்கும். பளிங்குத் தரையில், மின்சார விளக்கின் கீழ் நிற்கும். இரண்டாவது வழி, 2021-ஆம் வருஷம் ஜூலையில் மத்திய சர்க்கார் வெளியிட்ட விதியின்படி அதை 'விண்டேஜ்' வண்டியாகப் பதிவு செய்வது. ஐம்பது வயது கடந்து, சாஸி, மேல்கூடு, இயந்திரம் ஆகியவை பெரிதும் மாறாமல் இருக்கும் வண்டிகளுக்கு இந்தச் சலுகை உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். ஏற்கெனவே நம்பர் உள்ளவர்கள் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். நல்ல விதிதான். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பழுது பார்த்தல், பெட்ரோல் போடுதல் இவற்றுக்காக மட்டுமே சாலையில் ஓட்டலாம். வியாபாரத்துக்கோ வழக்கமான உபயோகத்துக்கோ ஓட்டக் கூடாது. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வெளியே வருகிற வண்டி எந்த இனத்தில் சேரும்? நண்பரின் வக்கீல் இந்தக் கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் சொல்லி, மூன்றுக்கும் தனித்தனியே பீஸ் வாங்காமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

மூன்றாவது வழி, இப்போதிருக்கிற சாதாரணப் பதிவையே ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குக் காட்டிப் புதுப்பித்துக்கொண்டு வருவது. செலவும் அலைச்சலும் உண்டு. நான் சொன்னது இந்த வழியைத்தான். அதோடு இரண்டு நிபந்தனைகளும் போட்டேன். செவ்ரோலே ஊர் எல்லையைத் தாண்டி நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது. இருட்டிய பிறகு அறவே கூடாது. அதன் பிரேக்குகளை நம்பிக் குழந்தை குட்டிகளோடு திண்டிவனம் போவது பழமையைப் போற்றுவதாகாது. திருவண்ணாமலைக்கோ சென்னைக்கோ போவதானால் மஸ்டாங்கில் போகட்டும்; இரண்டு பேராகப் போகட்டும்.

பையன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். "உதிரி பாகத்துக்கு எங்கே போறதுங்க?" என்றான். அதற்குப் பதில் சொன்னது நான் அல்ல. ஆலையில் கடைசல் வேலை செய்யும் மேஸ்திரி. "தம்பி, இதுல எது உடைஞ்சாலும் நான் கடைஞ்சு குடுத்துடுவேன். உன் வண்டியில ஒரு வெளக்கு எரிஞ்சா அதைக் கம்ப்யூட்டர் வெச்சுக் கேக்கணும், மெட்ராஸுக்கு லாரியில ஏத்தணும்" என்றார். டயர் விஷயத்திலும் கவலை இல்லை. செவ்ரோலேக்கு வேண்டிய அதே 6.00-16 அளவில் ஜீப்புக்கும் டிராக்டரின் முன் சக்கரத்துக்கும் நம் நாட்டிலேயே டயர் செய்கிறார்கள்.

தை மாதத்தில் மூன்று முகூர்த்தங்களுக்கு வண்டி கேட்டுச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவை முடிகிற வரையில் பதில் சொல்வதற்கில்லை என்று வடக்கே கடிதம் போயிருக்கிறது. கொட்டகைக்குத் தெற்குப் பக்கம், நெல் காயப்போடும் களத்தின் ஓரத்தில், பன்னிரண்டு அடிக்கு ஒரு சார்ப்பு இறக்கக் கொத்தனார் வந்து அளந்துகொண்டு போனார். அதில் எந்த வண்டி நிற்கப் போகிறது என்பதில்தான் தகப்பனாருக்கும் பிள்ளைக்கும் இப்போது தகராறு.